அண்ணன்மார் கதை (வரைகதை வடிவம்)

அண்ணன்மார் கதை என்பது கொங்கு நாட்டில் உடுக்கை இசையுடன் பாடப்பட்டு வரும் நீண்ட நாட்டுப்புறக் காப்பியம் ஆகும். அண்ணன்மார் சுவாமி கதை, பொன்னர் சங்கர் கதை, குன்றுடையான் கதை ஆகிய பெயர்களாலும் இது அறியப்படுகிறது. மூன்று தலைமுறையைச் சேர்ந்த ஒரு வேளாண் குடும்பம் தனது நாட்டை அடைவதும், இழப்பதும், மீட்பதும், அதற்கு வாரிசு தேடுவதும் இதன் பொருளாகும். இக்கதை 2010களின் தொடக்கத்தில் கனடாவில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும், அதனை ஒட்டிய வரைகதை நூல்களாகவும் "த லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா" என்னும் பெயரில் உருவாக்கப்பட்டது. வரைகதை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளிவந்தது.

அரசுரிமையைத் தேடிச் செல்லும் வீரர், மாய விலங்குகள், தெய்வங்களின் தலையீடு, சாபம், வரம் என யப்பானிய மங்காக்களின் மிகுபுனைவுத் தொடர்களில் காணப்படும் கூறுகள் பல இக்கதையிலும் உள்ளன. எனினும் முடிவில் இது பெரிதும் வேறுபடுகிறது. வாரிசுக்காகவே வளரும் இக்கதை வாரிசு இல்லாமல் முடிகிறது. இதன் நாயகர்கள் முடிசூடி நாடாள்வோராக அன்றி, கோயில்களில் வழிபடப்படும் தெய்வங்களாகவே நிலைபெறுகின்றனர்.

மூலக்கதையும் வழிபாடும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு நாட்டில் அண்ணன்மாருக்குக் கோயில்கள் பல உள்ளன. கதையின் இறுதிப் போர் நடந்த இடமாகக் கருதப்படும் வீரப்பூர், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மணப்பாறைக்கு அருகே அமைந்துள்ளது. இங்குள்ள பெரியகாண்டி அம்மன் கோயிலில் மாசி மாதத்தில் நடைபெறும் விழாவும் அதன் பகுதியான வேடபரியும் புகழ்பெற்றவை. கொங்குப் பகுதியிலிருந்து பெருந்திரளான மக்கள் இவ்விழாவிற்குச் செல்கின்றனர்.

கதையைப் பாடுவோர் உடுக்கையை அடித்துக்கொண்டு, பாட்டும் உரைநடையும் மாறிமாறி வரப் பல இரவுகள் தொடர்ந்து நிகழ்த்துவர். இது உடுக்கடிப் பாட்டு எனப்படும். சில ஊர்களில் கதையின் இறுதிப் பகுதி "படுகளம்" என்னும் சடங்காகவும் நிகழ்த்தப்படுகிறது. அதில் அருள் வந்தோர் போரில் மடிந்த வீரர்களாகக் களத்தில் விழுந்து கிடப்பர். பின்னர் தங்கையின் அருளால் எழுப்பப்படுவர். ஆகவே கொங்கு மக்களுக்கு இது கதையாக மட்டுமன்றி வழிபாடாகவும் விளங்குகிறது.

ஒலிப்பதிவிலிருந்து வரைகதை வரை

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுப்பகுதியில் காங்கேயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் கள ஆய்வு செய்தார். அப்போது இக்கதையை ஊர்ப் பாடகர்கள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். கொங்கு நாட்டின் சமூக அமைப்பைப் பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது. அண்ணன்மார் கதையின் நிகழ்த்துமுறையை ஆராயும் "த த்ரீ ட்வின்ஸ்" என்னும் நூல் 1982இல் வெளியானது. சென்னையிலுள்ள ஆசியவியல் நிறுவனம் 1992இல் கதையின் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இரு தொகுதிகளாக வெளியிட்டது.

இதற்கு முன்னரே கவிஞர் சக்திக்கனல் ஏட்டுச் சுவடியின் அடிப்படையில் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்திருந்தார். கொங்கு மக்களிடையே அச்சு வடிவில் பரவலாக அறியப்பட்ட பதிப்பு இதுவாகும்.

ஒலிப்பதிவு செய்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், பெக் அதனை அசைபடமாகவும் வரைகதையாகவும் மாற்றும் பணியில் ஈடுபட்டார். இரவு முழுவதும் அமர்ந்து கேட்கும் வழக்கம் குறைந்துவிட்ட காலத்தில், கொங்கு நாட்டுச் சிறுவர்க்கும் புலம்பெயர்ந்த தமிழரின் பிள்ளைகளுக்கும் கதையைக் கொண்டு சேர்க்கும் வழியாக வரைகதை அமைந்தது. கோயம்புத்தூரில் சத்தியமங்கலம் சாலையிலுள்ள கணபதி போன்று, தொழிற்கூடங்கள் நிறைந்த நகர்ப்பகுதிகளில் வளரும் தலைமுறையினர் பலர் பொன்னர், சங்கர் என்னும் பெயர்களை அறிந்திருப்பினும் கதை முழுவதையும் பாடக் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு. அத்தகையோர்க்கு அச்சு வடிவமே முதல் அறிமுகமாக அமையக்கூடும்.

முதன்மைக் கதைமாந்தர்

கோளாத்தாக் கவுண்டர்: குடும்பத்தின் முதல் தலைமுறை. சோழ மன்னனிடம் நிலம் பெற்றுப் பொன்னிவளநாட்டில் உழவைத் தொடங்கியவர். இவரது மனைவி அரியநாச்சி.

குன்றுடையான்: இரண்டாம் தலைமுறை. குன்னுடையான் எனவும் வழங்குவர். பெற்றோரை இளமையிலேயே இழந்தவர். வெள்ளை உள்ளம் கொண்டவர்.

தாமரை நாச்சியார்: குன்றுடையானின் மனைவி. பிள்ளை வரம் வேண்டிப் பெருந்தவம் புரிபவர்.

பொன்னர்: மூத்த மகன். அமைதியும் நேர்மையும் உடையவர்.

சங்கர்: இளைய மகன். சினமும் வீரமும் மிக்கவர்.

தங்காள்: அண்ணன்மாருடன் பிறந்த தங்கை. அருக்காணி, நல்லதங்காள் என்னும் பெயர்களும் உண்டு. வருவதை முன்னறியும் ஆற்றல் பெற்றவர்.

சாம்புவன்: அண்ணன்மாரின் துணைவர்; பறையர் குலத்தைச் சேர்ந்த பெருவீரர்.

கொம்பன்: வேட்டுவர் தரப்பில் வளரும் பெரிய காட்டுப்பன்றி.

பொன்னாச்சி: அண்ணன்மாரின் சிறிய பெண் நாய்.

கதைச் சுருக்கம்

கதை பாடகருக்குப் பாடகர் வேறுபடும். கீழே தரப்படுவது பெக் பதிவு செய்ததும் வரைகதை பின்பற்றுவதுமான வடிவத்தின் சுருக்கம் ஆகும்.

முதல் தலைமுறை

பார்வதி தேவி உலகில் உழவை நிலைநிறுத்த ஒன்பது உடன்பிறந்தாரைப் படைக்கிறார். அவர்களுள் மூத்தவரான கோளாத்தா, பஞ்ச காலத்தில் இடம்பெயர்ந்து சோழ மன்னனிடம் உழைத்து, பொன்னிவளநாட்டைப் பெறுகிறார். காடு திருத்தி வயலாக்கப்படுகிறது. அங்கு முன்பே வாழ்ந்த கைவினைஞரும் காட்டில் வாழ்ந்த வேட்டுவரும் இம்மாற்றத்தை விரும்பவில்லை. கோளாத்தாவின் வேலியில் சிக்கிப் பசுக்கள் உயிரிழக்க, அக்குடும்பத்திற்கு ஏழு தலைமுறை மகப்பேறு இல்லாமற் போகுமாறு சிவன் சாபமிடுகிறார். கதை முழுவதையும் இயக்கும் நிகழ்வு இதுவாகும். பின்னர் இரக்கம் கொண்ட சிவன், கற்குவியலின் அடியில் ஓர் ஆண் குழந்தை கிடைக்கச் செய்கிறார். அக்குழந்தையே குன்றுடையான்.

இரண்டாம் தலைமுறை

பெற்றோர் இறந்ததும் பங்காளிகள் சிறுவனான குன்றுடையானைத் துன்புறுத்தி, நிலத்தைத் தமதாக்கிக் கொள்கின்றனர். அவன் வேற்றூருக்குச் சென்று ஆடு மாடு மேய்க்கிறான். அவ்வீட்டுப் பெண்ணான தாமரை, உடன்பிறந்தாரின் எதிர்ப்பை மீறி அவனை மணக்கிறாள். இருவரும் பொன்னிவளநாட்டிற்குத் திரும்பித் தமது பங்கைக் கேட்கின்றனர். பங்காளிகள் விதைப்பதற்கு வறுத்த விதைகளைக் கொடுத்து ஏமாற்றுகின்றனர். அவ்விதைகளே தெய்வ அருளால் முளைத்து விளைகின்றன.

நிலம் கிடைத்தும் பிள்ளை இல்லை. தாமரை கயிலைக்குச் சென்று 21 ஆண்டுகள் தவம் இருக்கிறாள். சிவன் அவளைப் பலமுறை மடியச் செய்து, மீண்டும் உயிர்ப்பித்து, இறுதியில் வரம் அளிக்கிறார். இரு ஆண்களும் ஒரு பெண்ணும் பிறக்கின்றனர்.

மூன்றாம் தலைமுறை

ஆண் வாரிசு பிறந்தால் கொல்வதற்குப் பங்காளிகள் காத்திருக்கின்றனர். எனவே ஆண் குழந்தைகள் இருவரும் செல்லாத்தா கோயிலின் நிலவறையில் மறைத்து வளர்க்கப்படுகின்றனர். பெண் குழந்தை மட்டும் தாயிடம் வளர்கிறது. பின்னர் வெளிப்படும் அண்ணன்மார் பங்காளிகளை நாட்டைவிட்டு விரட்டுகின்றனர். பெற்றோருக்குப் பின் நாட்டின் பொறுப்பை ஏற்கின்றனர். தாய்மாமன் மகள்களான முறைப்பெண்களை மணந்தாலும் அவர்களுடன் இல்லறம் நடத்துவதில்லை. சோழனுக்குப் பணிய மறுக்கும் சங்கர், மோதலில் அவனைக் கொல்கிறான். பாட்டனுக்கு நிலம் தந்த அரசுடன் இருந்த உறவு பேரனின் கையால் அறுகிறது.

இறுதியில் வேட்டுவர் தரப்பின் கொம்பன் என்னும் பன்றி வளநாட்டின் வயல்களை அழிக்கிறது. வேட்டைக்குச் செல்வோர் சிறிய நாயான பொன்னாச்சியை அழைக்காமல் விட்டுச் செல்கின்றனர். வேட்டை தோல்வியுற்ற பின்னரே அதன் அருமை உணரப்படுகிறது. அதன் துணையுடன் பன்றி வீழ்த்தப்படுகிறது. தொடர்ந்து நடைபெறும் போரில் திருமாலின் பூவம்பு மார்பில்பட, தனக்கு விதிக்கப்பட்ட 16 ஆண்டுகள் முடிந்ததை உணர்ந்த சங்கர் தன் வாளின்மீது வீழ்ந்து உயிர்விடுகிறான். பொன்னரும் அவ்வாறே மடிகிறான். தங்காள் அரண்மனைக்குத் தீயிட்டு, காடுகளில் அலைந்து, அண்ணன்மாரின் உடல்களைக் கண்டடைகிறாள். அவளது முயற்சியால் சிறிது நேரம் உயிர்பெறும் அவர்கள், அவளிடம் பேசியபின் மீண்டும் மடிகின்றனர். அவ்விடத்தில் கோயில் எழுகிறது.

உரிமை என்னும் கருப்பொருள்

கதையில் "நாடு" என்பது பேரரசைக் குறிக்கவில்லை. மரபுவழியாகக் கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஊர்களும், அவற்றில் காணியுரிமை பெற்ற குலங்களும் இருந்தன. காணி என்பது நிலத்தின்மீதான உரிமை மட்டுமன்று. கோயிலில் முதல் மரியாதை, ஊர்க்கூட்டத்தில் இடம் ஆகியவற்றையும் உள்ளடக்கியதாகும். குன்றுடையான் இழப்பதும் மீட்பதும் இவை அனைத்தையுமே ஆகும்.

இதனாலேயே கதையில் முதற்பகை அயல்நாட்டு மன்னனிடமிருந்து வருவதில்லை, பங்காளிகளிடமிருந்து வருகிறது. ஒரே குலத்தில் பிறந்த ஆண்வழி உறவினரான பங்காளிகள், ஒருவரது கிளை அற்றுப்போனால் அவரது நிலத்திற்கு உரிமை பெறுவர். ஆகவே குழந்தையின்மை என்பது குடும்பத்தின் தனிப்பட்ட துயரமாக நிற்பதில்லை. நிலம் கைமாறும் வாய்ப்பாகவும் ஆகிறது. தாமரையின் தவம், குழந்தைகளை மறைத்தல், பங்காளிகளின் சூழ்ச்சி ஆகிய மூன்றையும் இணைக்கும் நூல் இதுவே. பங்காளி, மாமன், மச்சான், முறைப்பெண் ஆகிய உறவுச் சொற்களின் பொருளை அறியாத வாசகர் இப்பகுதிகளை வெறும் தீயோர் நல்லோர் மோதலாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

மங்காத் தொடர்களுடன் ஒப்பீடு

அரசுரிமையை மையமாகக் கொண்ட மங்காக்கள் யப்பானில் நெடுங்காலமாக வெளிவருகின்றன. அவற்றுள் மூன்று அண்ணன்மார் கதையுடன் ஒப்பிடத்தக்கவை.

ஒசாமு தெசூகா 1953இல் தொடங்கிய "ரிபன் நோ கிஷி" என்னும் தொடரில், ஆண் வாரிசு மட்டுமே அரியணை ஏற இயலும் என்பதால் இளவரசி சபையர் ஆணாக வளர்க்கப்படுகிறாள். வாரிசு இல்லை எனத் தெரிந்தால் அரியணையைக் கைப்பற்ற ஓர் உறவினர் காத்திருக்கிறார். அண்ணன்மார் கதையில் இதன் மறுதலையைக் காணலாம்: அங்கு பெண் ஆணாகக் காட்டப்படுகிறாள், இங்கு ஆண் குழந்தைகள் இல்லாதவர் போல மறைக்கப்படுகின்றனர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

மிசுஹோ குசானகி 2009இல் தொடங்கிய "அகத்சுகி நோ யோனா" என்னும் தொடரில், தந்தையான அரசன் உறவினனால் கொல்லப்பட, இளவரசி யோனா அரண்மனையைவிட்டு வெளியேறித் துணைவர்களைத் தேடி அலைகிறாள். குன்றுடையானின் இளமைக் காலம் இத்தகையதே. அலைச்சலின்போது நாட்டின் எளிய மக்களின் வாழ்வை அறிவது இரு கதைகளுக்கும் பொதுவாகும்.

யோசிகி தனாகாவின் புதின வரிசையைத் தழுவி ஹிரோமு அரகாவா 2013 முதல் வரைந்த "அர்ஸ்லான் செங்கி", இழந்த தலைநகரை மீட்கப் புறப்படும் இளவரசனைப் பற்றியது. அவனது பிறப்பைப் பற்றிய ஐயமே இக்கதையின் முடிச்சு. குருதியால் வருவதா, தகுதியால் வருவதா அரசுரிமை என்னும் வினா அதில் எழுகிறது. கற்குவியலின் அடியில் கண்டெடுக்கப்பட்ட குன்றுடையானுக்கும் இவ்வினா பொருந்தும். அவன் கோளாத்தாவின் குருதி வழியில் பிறந்தவன் அல்லன். எனினும் கதை அவனையே உரியவனாக ஏற்கிறது.

ஒற்றுமைகள் இவ்வாறிருக்க, வேறுபாடு ஒன்று குறிப்பிடத்தக்கது. மங்காத் தொடர்களில் பெரும்பாலும் ஒரே நாயகரின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்து செல்கிறோம். அண்ணன்மார் கதையிலோ, பெயருக்குரிய நாயகர்கள் கதை பெருமளவு நகர்ந்த பின்னரே பிறக்கின்றனர். அதுவரை கதையைச் சுமப்பவர் தாமரை. அவர்கள் மடிந்தபின் அதனை முடித்து வைப்பவர் தங்காள். போரிடுவோர் ஆண்களாயினும் கதையின் தொடர்ச்சி பெண்களின் கையில் உள்ளது.

பாட்டும் வரைகதையும்

பாடகர் ஒரே நிகழ்வைச் சுருக்கவும் விரிக்கவும் இயலும். கேட்போரின் ஊர்ப்பெயர், குலப்பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பாடுவதும் உண்டு. வரைகதையில் கட்டங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. எனவே பாட்டில் நீண்டு செல்லும் ஒப்பாரி, வருணனை முதலியவை சுருங்குகின்றன. உடுக்கையின் ஒலியும் அச்சில் இல்லை.

மறுபுறம், வரைகதையால் சில நன்மைகளும் உண்டு. மூன்று தலைமுறை உறவுமுறைகளை முகங்களாகக் கண்டு நினைவில் கொள்ளலாம். பின்னோக்கிப் புரட்டிச் சாபத்தையும் அதன் விளைவையும் ஒப்பிடலாம். கயிலை, காடு, வயல் என மாறிமாறி வரும் களங்களை எளிதில் அடையாளம் காணலாம். மங்கா வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது; தமிழ் வரைகதையோ இடமிருந்து வலமாகச் செல்வது. ஆதலால் இதனை வாசிக்கத் தனிப் பயிற்சி தேவையில்லை.

முடிவுப் பகுதியில்தான் இரு வடிவங்களின் வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது. படுகள நிகழ்வில் வீரர் மடிவதைக் காண்போர் அழுவர்; எழுப்பப்படும்போது வணங்குவர். வாரிசு இல்லாமல் முடிந்த குடும்பத்திற்கு, ஆண்டுதோறும் கூடும் மக்களே வாரிசாகின்றனர் எனலாம். நூலின் கடைசிப் பக்கத்தில் இந்நிறைவு தானாகக் கிட்டுவதில்லை. வழிபாட்டை அறியாத வாசகருக்கு அது துயர முடிவாக மட்டுமே தோன்றக்கூடும்.

சித்திரிப்பு பற்றிய கேள்விகள்

இக்கதை பெரும்பாலும் உழவர் தரப்பிலிருந்து சொல்லப்படுவது. வேட்டுவரும் கைவினைஞரும் அதில் எதிர்த்தரப்பாக வருகின்றனர். ஆயினும் கதைக்குள்ளேயே அவர்களது முறையீட்டிற்கு இடம் உண்டு. காடு திருத்தப்பட்டதால் வேட்டுவர் தம் நிலத்தை இழந்தனர். கைவினைஞரோ உழவர் வருமுன்பே அங்கிருந்தவர்கள். உரிமையை மீட்கும் கதையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு உரிமையை இழந்த கதையாகவும் இருக்கிறது.

பாட்டில் இத்தரப்பினரின் தோற்றம் கேட்போரின் கற்பனைக்கு விடப்படுகிறது. வரைகதையில் ஓவியர் அவர்களுக்கு முகமும் நிறமும் உடையும் தந்தே ஆகவேண்டும். ஒருமுறை வரையப்பட்ட உருவம் மனத்தில் நிலைத்துவிடும். அண்ணன்மார், வேட்டுவர், சாம்புவன் ஆகியோரின் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் மக்கள் இன்றும் ஒரே ஊர்களில் அருகருகே வாழ்வதால், வரையும் முறை பொறுப்புக்குரியதாகிறது. கதை பல வடிவங்களில் வழங்குவதையும், ஒவ்வொரு சமூகமும் அதனைத் தன் நோக்கில் நினைவுகூர்வதையும் வாசகர் மனத்திற்கொள்ளுதல் நலம்.

பிற வடிவங்கள்

மு. கருணாநிதி இக்கதையைத் தழுவிப் "பொன்னர் சங்கர்" என்னும் புதினத்தை எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த அதே பெயருடைய திரைப்படம் 2011 ஏப்ரலில் வெளியானது. இளையராசா இசையமைத்தார். இவ்வடிவங்களில் தலையூர்க் காளி என்னும் பகையரசனுடனான மோதல் முதன்மை பெறுகிறது. மேடைக் கூத்தாகவும் இக்கதை ஊர்த் திருவிழாக்களில் நடிக்கப்பட்டு வருகிறது.

அச்சிலும் திரையிலும் வந்த வடிவங்கள் கதையைக் கொங்கு நாட்டிற்கு வெளியே அறியச் செய்தன. எனினும் வீரப்பூரிலும் கொங்கு நாட்டு ஊர்களிலும் நடைபெறும் வழிபாடுகளே இக்கதையைத் தொடர்ந்து உயிர்ப்புடன் வைத்திருக்கின்றன.